35 டிகிரிக் கட்டத்தில் 20 டிகிரி எண்: ஆவியழுத்தத்தை அளப்பதும் படிப்பதும்

அபாயகரமான வேதிப்பொருள்களை உற்பத்தி செய்தல், சேமித்தல், இறக்குமதி செய்தல் ஆகியவை பற்றி மத்திய அரசு 1989-இல் வகுத்த விதிகளின் ஒன்பதாம் அட்டவணையில், பாதுகாப்புத் தரவுத்தாளின் மாதிரிப் படிவம் ஒன்று உண்டு. அதில் ஆவியழுத்தத்துக்கு ஒதுக்கிய கட்டத்திலேயே வெப்பநிலையும் அச்சிடப்பட்டிருக்கிறது: 35 டிகிரி செல்சியஸ். அலகு, பாதரச மில்லிமீட்டர். வெளிநாட்டு உற்பத்தியாளர்கள் அனுப்பும் தரவுத்தாள்களோ பெரும்பாலும் 20 டிகிரிக்கோ 25 டிகிரிக்கோ உரிய எண்ணைத் தருகின்றன. வெப்பநிலையைக் கவனிக்காமல் அந்த எண்ணை அப்படியே நம் படிவத்தில் எடுத்தெழுதினால், அது பார்வைக்குச் சிறிய எழுத்துப்பிழைதான். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தொடங்கி ஆரம்பாக்கம், தடா வழியாக ஸ்ரீசிட்டி வரை, தமிழ்நாடு-ஆந்திர எல்லைக்கு இருபுறமும் கரைப்பான்களையும் பிசின்களையும் கையாளும் ஓர் ஆலைக்கு, அந்தப் பதினைந்து டிகிரி வித்தியாசம் தொட்டிக்குள் இருக்கும் காற்று தீப்பற்றுமா பற்றாதா என்பதையே மாற்றிவிடக்கூடியது.

மூடிய கலம் ஒன்றில் திரவம் பாதியளவு இருக்கிறது. மேலே உள்ள இடத்தில் காற்று அறவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். திரவத்தின் பரப்பிலிருந்து மூலக்கூறுகள் வெளியேறிக்கொண்டே இருக்கும்; வெளியேறியவற்றில் சில மீண்டும் திரவத்துக்குள் விழுந்துகொண்டும் இருக்கும். போவதும் வருவதும் சமமாகும் நிலையில் அந்த ஆவி கலத்தின் சுவர்மீது செலுத்தும் அழுத்தமே ஆவியழுத்தம். கலம் பெரிதா சிறிதா, திரவம் ஒரு லிட்டரா நூறு லிட்டரா என்பதை அது பொருட்படுத்துவதில்லை. தூய பொருளாக இருந்தால் வெப்பநிலை ஒன்றுக்கே அது கட்டுப்படும். வெளி அழுத்தத்துக்குச் சமமாக அது உயரும் வெப்பநிலையைத்தான் கொதிநிலை என்கிறோம்.

வெப்பநிலைக்கு அது கட்டுப்படும் விதம் நேர்கோட்டு விகிதத்தில் அமைவதில்லை என்பதுதான் சிக்கலின் வேர். 1888-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்டுவான் முன்வைத்த சமன்பாடு இன்றும் பொறியாளர்களின் அன்றாடக் கருவி: ஆவியழுத்தத்தின் மடக்கை, ஒரு மாறிலியிலிருந்து, வெப்பநிலையோடு இன்னொரு மாறிலியைக் கூட்டி அதனால் மூன்றாவது மாறிலியை வகுத்து வருவதைக் கழித்தால் கிடைக்கும். ஸ்டைரீனுக்கு வழக்கில் உள்ள மாறிலிகளை இதில் இட்டுப் பார்த்தால், 20 டிகிரியில் சுமார் 0.65 கிலோபாஸ்கல், 30 டிகிரியில் 1.17, 35 டிகிரியில் 1.54, 40 டிகிரியில் 2.0 என்று வருகிறது. இருபது டிகிரி ஏறினால் ஆவியழுத்தம் மும்மடங்கு. பிளாஸ்டிக், கண்ணாடியிழைத் தொழில்கள் பெருமளவில் பயன்படுத்தும் திரவம் என்பதால் இதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

இந்த எண்களை வளிமண்டல அழுத்தமான 101.3 கிலோபாஸ்கலால் வகுத்தால், தொட்டியின் தலைவெளியில், அதாவது திரவத்துக்கு மேலே எஞ்சும் இடத்தில், ஸ்டைரீன் ஆவி எத்தனை விழுக்காடு சேரக்கூடும் என்பது கிடைத்துவிடும். 20 டிகிரியில் 0.64 விழுக்காடு; 35 டிகிரியில் 1.5 விழுக்காடு. காற்றில் ஸ்டைரீன் தீப்பற்றுவதற்குத் தேவையான குறைந்த அளவு ஏறக்குறைய 1.1 விழுக்காடு. ஆக, 20 டிகிரியில் ஒரு பொறி விழுந்தாலும் பற்ற இயலாத அளவுக்கு நீர்த்திருக்கும் கலவை, 35 டிகிரியில் பற்றும் எல்லைக்குள் வந்துவிடுகிறது. ஸ்டைரீனின் தீப்பற்றுநிலை 31 டிகிரி என்று தரவுத்தாள் தனியாக ஒரு வரியில் சொல்வதும் இதே கணக்கைத்தான்: தலைவெளியில் ஆவி ஏறக்குறைய 1.1 விழுக்காட்டை எட்டும் இடம் அது. இரண்டு வரிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது தரவுத்தாளைச் சோதிக்க எளிய வழி. ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டில் ஒன்று தவறு.

மே மாதத்தில் நகரியை ஒட்டிய திருத்தணியில் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே அல்ல. பழவேற்காடு ஏரிப் பக்கமிருந்து வரும் கடற்காற்று தடாவையும் ஆரம்பாக்கத்தையும் ஓரளவு காப்பாற்றினாலும், அது தாமதமாக வீசும் கத்திரி நாட்களில், வெயிலில் நிற்கும் தொட்டியின் தகடு காற்றின் வெப்பநிலையோடு நின்றுவிடாது. இந்த நிலப்பகுதிக்கு 20 டிகிரி என்பது மார்கழி விடியற்காலையின் வெப்பநிலை. விதியை எழுதியவர்கள் 35 என்று அச்சிட்டது சரியான முடிவு. என்னைக் கேட்டால், பக்கத்தில் 50 டிகிரிக்கும் ஒரு கட்டம் சேர்த்திருக்கலாம். வேதிப்பொருள்களை வகைப்படுத்தும் உலகளாவிய ஒத்திசைவு முறை, ஒரு பொருளை வாயுவா திரவமா என்று பிரிப்பதற்கே 50 டிகிரியில் 300 கிலோபாஸ்கல் என்னும் ஆவியழுத்தத்தைக் கோடாகக் கிழிக்கிறது.

பாதுகாப்பு மதிப்பீட்டில் இந்த எண் எங்கெல்லாம் நுழைகிறது என்பதைப் பார்த்தால், இதன் மேல் ஏன் இவ்வளவு கவனம் என்பது விளங்கும். சிந்திய திரவம் எவ்வளவு வேகமாக ஆவியாகும், அந்த ஆவி வேலிக்கு வெளியே எவ்வளவு தூரம் செல்லும், தொட்டியின் மூச்சுக்குழாய் வால்வை எந்த அழுத்தத்துக்கு அமைக்க வேண்டும், உறிஞ்சு பம்ப்பில் குமிழி உண்டாகாமல் இருக்கத் திரவ மட்டம் எவ்வளவு வேண்டும், தொழிலாளி மூக்கருகே எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) சேரும் என எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான் தொடங்குகிறது. முதல் எண் பாதியாக இருந்தால், அதன் மேல் எழுப்பிய கணக்கு முழுவதும் ஏறக்குறைய பாதியாகவே இருக்கும். கணினி மென்பொருள் அதைத் திருத்தித் தராது.

இதில் பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. ஆவியழுத்தம் குறைவென்றால் ஆபத்தும் குறைவு என்பது அந்த எண்ணம். டொலுயீனின் ஆவியழுத்தம் 20 டிகிரியில் 2.9 கிலோபாஸ்கல். மெத்தை நுரை செய்யப் பயன்படும் டொலுயீன் டைஐசோசயனேட்டின் ஆவியழுத்தம் அதே வெப்பநிலையில் சுமார் 1.3 பாஸ்கல்தான், இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் இரண்டாம் அட்டவணையில் வகுத்திருந்த எட்டு மணி நேர வரம்பு, முதலாவதுக்கு 100 பிபிஎம், இரண்டாவதுக்கு 0.005 பிபிஎம். காற்றில் தெவிட்டும் வரை, அதாவது இனி ஏற்காது என்னும் அளவு வரை, சேரவிட்டால் டொலுயீன் தன் வரம்பைப்போல் ஏறக்குறைய 290 மடங்குக்குப் போகும். ஐசோசயனேட்டோ 2,600 மடங்குக்குப் போகும். மணமே தெரியாமல் ஆவியாகிக்கொண்டிருக்கும் பொருள்தான் இங்கே கூடுதல் அபாயம். ஆகவே ஆவியழுத்தத்தை வரம்போடு சேர்த்துப் படிக்காமல் தனியாகப் படிப்பதில் பயனில்லை.

சரக்கு இறக்கும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் ஒரு வாக்கியம் உண்டு: "ஆவிதானே சார், காத்தோட போயிடும்." அதற்கு மறுமொழியாகப் பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுவது, ஸ்டைரீன் ஆவி காற்றைவிட 3.6 மடங்கு கனமானது, எனவே தரையிலேயே தங்கும் என்பது. தரையில் தங்கும் என்ற எச்சரிக்கை நல்லதுதான். கணக்குதான் முழுமையானது அல்ல. தூய ஸ்டைரீன் ஆவி அத்தனை கனம் என்பது உண்மை. ஆனால் 20 டிகிரியில் காற்றில் கலக்கக்கூடியது 0.64 விழுக்காடு மட்டுமே என்பதால், தெவிட்டிய அந்தக் கலவை சாதாரணக் காற்றைவிட வெறும் 1.7 விழுக்காடே கனமானது. காற்று ஓட்டம் இருந்தால் எளிதில் கலைந்துவிடும். காற்று அசையாத குழியிலும் கால்வாயிலும்தான் அது தங்கும். சூடான ஆவி பெருமளவில் வெளிப்படும் விபத்தில் நிலைமை வேறு. எது நடக்கும் என்பதை இங்கும் ஆவியழுத்தமே முடிவு செய்கிறது.

இனி அளக்கும் முறைகள். ஓ.இ.சி.டி. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் 104-ஆம் சோதனை வழிகாட்டிதான் இதில் உலகெங்கும் பின்பற்றப்படும் அடிப்படை ஆவணம். 1981-இல் முதலில் வந்து, 1995-இலும் 2006-இலும் திருத்தப்பட்டது. இந்தியா 2011-இல் அந்த அமைப்பின் தரவு ஏற்புத் திட்டத்தில் முழு உறுப்பு நிலை பெற்றதால், உரிய சான்று பெற்ற இந்திய ஆய்வகம் ஒன்றில் இந்த வழிகாட்டியின்படி அளந்த எண்ணை ஐரோப்பாவிலோ ஜப்பானிலோ மறுபடி அளக்கச் சொல்லாமல் ஏற்றுக்கொள்கிறார்கள். வழிகாட்டி ஒரே முறையை விதிப்பதில்லை. எட்டு முறைகளைத் தருகிறது. காரணம் எளிது. டைகுளோரோமீத்தேனுக்கு 20 டிகிரியில் 47 கிலோபாஸ்கல். பூச்சிக்கொல்லிகள் சிலவற்றுக்கு ஒரு பாஸ்கலின் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே. இந்த அகலத்தை ஒரே கருவி எட்டாது.

எளிதில் ஆவியாகும் பொருள்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, அழுத்தத்தை நாம் நிர்ணயித்துக் கொதிநிலையைப் பார்ப்பது; இன்னொன்று, வெப்பநிலையை நாம் நிர்ணயித்து அழுத்தத்தைப் பார்ப்பது. முதல் வழியில், குடுவையில் திரவம் கொதிக்கிறது. மேலே ஒரு பெரிய இடைக்கலமும் வெற்றிடப் பம்ப்பும் அழுத்தத்தைக் குறித்த இடத்தில் நிறுத்தி வைக்கின்றன. கொதிக்கும் திரவம் தன் கொதிநிலைக்கு மேலேயே சூடாகிப் பிறகு திடீரெனக் குமுறும் பழக்கம் உடையது என்பதால், வெப்பமானியை நேரே திரவத்தில் முக்கி வைப்பது பிசகு. 1919-இல் காட்ரல் வடிவமைத்த சிறு கண்ணாடிக் குழல் அமைப்பு, கொதிக்கும் திரவத்தையும் ஆவியையும் சேர்த்து வெப்பமானியின் குமிழ் மீது தெளித்துக்கொண்டே இருக்கும். அங்கே இரண்டும் சமநிலைக்கு வருவதால் வெப்பநிலை நிலையாக நிற்கும். ஸ்டைரீனை வளிமண்டல அழுத்தத்தில் 145 டிகிரிக்குக் கொதிக்க விட்டால் குடுவைக்குள்ளேயே மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு பாலிமராகத் தொடங்கிவிடும். அழுத்தத்தை 10 கிலோபாஸ்கலுக்கு இறக்கினால் 75 டிகிரி அளவில் கொதிக்கும் என்பதால் இம்முறை அதற்கும் பயன்படுகிறது.

இரண்டாம் வழி நிலைமுறை. கேட்பதற்கு மிக எளிது: மாதிரியைக் காற்றில்லாத கலத்தில் அடைத்து, வெப்பத்தொட்டியில் வைத்து, அழுத்தமானியைப் படிக்க வேண்டும். செய்து பார்க்கும்போதுதான் 'காற்றில்லாத' என்ற ஒரு சொல்லுக்கு எவ்வளவு வேலை என்பது தெரியும். திரவத்தில் காற்று கரைந்திருக்கும். கலத்தைச் சூடாக்கினால் அதுவும் வெளியேறித் தன் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். எனவே மாதிரி இருக்கும் சிறு குடுவையைத் திரவ நைட்ரஜனில் இறக்குகிறார்கள். மைனஸ் 196 டிகிரியில் திரவம் வெள்ளையாக உறைந்து விரிசலிடும். அப்போது வால்வைத் திறந்து மேலே உள்ள காற்றைப் பம்ப்பால் இழுத்துவிட்டு, வால்வை மூடி, குடுவையை வெதுவெதுப்பான நீரில் வைத்தால், உறைந்தது ஓரத்திலிருந்து உருகும்போதே உள்ளே சிறைப்பட்டிருந்த காற்று பொடிப்பொடிக் குமிழிகளாக மேலேறி வருவதைக் கண்ணால் பார்க்கலாம். மறுபடி உறைவு, மறுபடி பம்ப், மறுபடி உருகல். குமிழி நின்று, உறைந்த நிலையில் அழுத்தமானியின் முள் அசையாமல் இருக்கும் வரை இந்தச் சுற்று தொடரும். அவசரப்பட்டு ஒரு சுற்றோடு நிறுத்துபவருக்குக் கிடைப்பது காற்றின் அழுத்தமும் சேர்ந்த எண். அது மெய்யானதைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

ஸ்டைரீன் போன்ற பொருளில் இங்கே ஒரு முரண்பாடு எழுகிறது. அது தானாகப் பாலிமராகிவிடாமல் தடுக்க, டிபிசி எனப்படும் தடுப்பான் 10 முதல் 15 பிபிஎம் அளவில் சேர்க்கப்படுகிறது. அந்தத் தடுப்பான் வேலை செய்ய, கரைந்த ஆக்சிஜன் சிறிதளவேனும் வேண்டும். அளவீட்டுக்காகக் காற்றை முழுதும் நீக்கும்போது அந்த ஆக்சிஜனையும் நீக்கிவிடுகிறோம். எனவே இத்தகைய மாதிரியைக் காற்று நீக்கிய பின் அலமாரியில் வைத்துவிட்டு மறுநாள் வந்து அளப்பது முறையல்ல. குறைந்த வெப்பநிலைகளில் தொடங்கி, உடனுக்குடன் அளந்து முடித்துவிட வேண்டும். சேமிப்புத் தொட்டிக்கும் இதே காரணத்தால்தான் தலைவெளியை நைட்ரஜனால் அறவே நிரப்பிவிட இயலாது.

நிலைமுறையின் இன்னொரு கண்ணி, குளிர்ந்த மூலை. இணைந்த ஒரு மூடிய அமைப்பில் மிகக் குளிர்ந்த இடம் எதுவோ, அங்கே ஆவி திரவமாகப் படிந்து, அந்த இடத்துக்குரிய அழுத்தமே அமைப்பு முழுவதையும் ஆளும். மாதிரி 40 டிகிரித் தொட்டியில் இருக்கிறது. அழுத்தமானிக்குச் செல்லும் குழாயோ ஏசி அறையின் 23 டிகிரிக் காற்றில் நிற்கிறது என்றால், கிடைக்கும் எண் 23 டிகிரிக்கு உரியது. ஸ்டைரீனில் அது மெய்யான மதிப்பில் பாதிக்கும் குறைவு. வெளியே வெயில் கொளுத்தும் ஊரில், ஆய்வகத்துக்குள் இருக்கும் குளிர்ச்சியே அளவைக் கெடுக்கிறது. அதனால்தான் நல்ல கருவிகளில் அழுத்தமானியின் தலையும் குழாயும் தனியே சூடாக்கப்பட்டு, மாதிரியைவிட எப்போதும் வெப்பமாக வைக்கப்படுகின்றன. காற்று எஞ்சினால் எண் கூடும். குளிர்ந்த மூலை இருந்தால் எண் குறையும். இரண்டும் ஒருங்கே இருந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டி, நம்பத்தகுந்தது போன்ற ஓர் எண் வருவதும் உண்டு.

1910-இல் ஸ்மித், மென்சிஸ் இருவரும் உருவாக்கிய ஐசோடெனிஸ்கோப் முறையில், வளைகுழாய் அழுத்தமானியில் வழக்கமாக இருக்கும் பாதரசத்தின் இடத்தை மாதிரித் திரவமே எடுத்துக்கொள்கிறது. ஒருபக்கம் அதன் ஆவி, மறுபக்கம் நாம் செலுத்தும் நைட்ரஜன். இரு மட்டமும் சமமாகும்போது நைட்ரஜனின் அழுத்தத்தைப் படித்தால் போதும். பல சேர்மங்கள் கலந்த எண்ணெய்களுக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். பெட்ரோலுக்கான ரீட் முறை தனி வகை: 37.8 டிகிரியில், திரவத்தைப்போல் நான்கு மடங்கு காற்றுவெளி விட்டு அளப்பது. அதன் எண்ணை மெய்யான ஆவியழுத்தம் என்று எண்ணித் தொட்டிக் கணக்கில் இடக்கூடாது.

ஆவியழுத்தம் ஒரு பாஸ்கலை நெருங்கியும் அதற்குக் கீழேயும் போகும்போது அழுத்தமானியை நம்புவது வீண். அங்கே மாசின் ஆட்சி தொடங்கிவிடுகிறது. பிளாஸ்டிக்கை நெகிழவைக்கும் டைபியூட்டைல் தாலேட் என்னும் இளக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் அதன் ஆவியழுத்தம் சுமார் 0.0027 பாஸ்கல். அதைத் தயாரிக்கப் பயன்படுவது பியூட்டனால். அதன் ஆவியழுத்தம் ஏறக்குறைய 900 பாஸ்கல். தயாரிப்பில் எஞ்சிய பியூட்டனால் பத்தாயிரம் மூலக்கூறுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தாலே, அதன் பங்குக்கு 0.09 பாஸ்கல் அழுத்தம் சேரும். அழுத்தமானி காட்டும் எண்ணில் தாலேட்டின் பங்கைவிட மாசின் பங்கு முப்பது மடங்குக்கு மேல். 99.99 விழுக்காடு தூய்மை என்று சான்றிதழ் சொல்லும் பொருளின் நிலை இது. ஆய்வக அறிக்கையில் மாதிரியின் தூய்மையும், அதில் என்ன மாசு இருந்தது என்பதும் எழுதப்படாமல் ஆவியழுத்தம் மட்டும் எழுதப்பட்டிருந்தால், அந்த அறிக்கையை நான் முழுமையானதாகக் கொள்ளமாட்டேன்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு, அழுத்தத்தை அளக்காமல் பொருளையே எண்ணிப் பார்ப்பது. வாயுத் தெவிட்டல் முறையில், மாதிரி பூசிய கண்ணாடி மணிகள் நிரம்பிய குழாய் வழியாக நைட்ரஜன் மிக மெதுவாகச் செல்லும். போகும் வழியில் ஆவியைச் சுமந்து தெவிட்டும். மறுமுனையில் உள்ள உறிஞ்சுபொருளில் ஆவியை இறக்கிவிட்டுப் போகும். பிறகு உறிஞ்சுபொருளைக் கரைத்தெடுத்து, கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்பியில் தாலேட் எவ்வளவு என்று பார்ப்பார்கள். நிறப்பகுப்பி பியூட்டனாலை வேறு உச்சியாகப் பிரித்துக் காட்டிவிடுவதால் மாசு குழப்பாது. ஆனால் பொறுமை வேண்டும். 25 டிகிரியில் 100 லிட்டர் நைட்ரஜன் கடந்து சென்றாலும் அது சுமந்து வரும் தாலேட் 30 மைக்ரோகிராம்தான். நிமிடத்துக்கு 20 மில்லிலிட்டர் வேகத்தில் அந்த 100 லிட்டர் கடக்க மூன்றரை நாள் ஆகும். நைட்ரஜன் உண்மையிலேயே தெவிட்டியதா என்பதை உறுதிசெய்ய, வேகத்தை மாற்றி மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். இரு வேகத்திலும் ஒரே விடை வந்தால் நம்பலாம். 1909-இல் டென்மார்க்கின் நுட்சன் வகுத்த முறையோ, வெற்றிடத்தில் ஓர் ஊசித்துளை வழியே கசியும் ஆவியின் எடை இழப்பைக் கணக்கிடுகிறது. ஒரு பாஸ்கலில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு வரைக்கும் அது செல்லும் என்கிறது வழிகாட்டி. எடை இழப்பில் மாசும் சேர்ந்துவிடும் என்பதால், முதலில் இழப்பதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டு, இழப்பு வேகம் நிலைப்பட்ட பிறகே எண்ணத் தொடங்குவார்கள்.

எந்த முறையானாலும் ஒரே வெப்பநிலையில் அளந்தது போதாது. குறைந்தது இரண்டு, இயன்றால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வெப்பநிலைகளில், 0 முதல் 50 டிகிரிக்குள் அளக்க வேண்டும் என்பது வழிகாட்டியின் கூற்று. மடக்கையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரைந்தால் புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் விழ வேண்டும். விழாவிட்டால் மாதிரி சிதைகிறது, அல்லது மாசு இருக்கிறது, அல்லது இடையில் பொருள் உருகியிருக்கிறது. கடைசிக் காரணத்தை மறப்பவர்கள் அதிகம். ஃபீனால் 41 டிகிரி அளவில் உருகும். உருகிய பின் அளந்த புள்ளிகளைக் கோடாக நீட்டி 25 டிகிரிக்கு விடை சொன்னால், கிடைப்பது திண்ம ஃபீனாலின் ஆவியழுத்தம் அல்ல. அதைவிடக் கூடுதலான, குளிர்ந்தும் உறையாத கற்பனைத் திரவத்தினுடையது. ஆன்டுவான் மாறிலிகளும் இப்படியே. ஒவ்வொரு தொகுப்பும் இந்த வெப்பநிலையிலிருந்து இதுவரை என்று எல்லை குறித்தே வெளியிடப்படுகிறது. 70 டிகிரிக்கு மேல் பொருந்தும் மாறிலியை 35 டிகிரிக்கு இட்டால் கணக்கு ஒரு விடை தரும், அதைப் பொறுப்பேற்க யாரும் இல்லை.

தரவுத்தாளைக் கையில் எடுக்கும் பாதுகாப்பு அலுவலர் அலகையும் உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு பாதரச மில்லிமீட்டர் 133.3 பாஸ்கல், ஒரு ஹெக்டோபாஸ்கல் 100 பாஸ்கல். எண்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருப்பதால் இவ்விரண்டும் இடம் மாறினாலும் கண்ணை உறுத்தாது. ஆனால் விடை மூன்றில் ஒரு பங்கு மாறிவிடும். எண்ணின் அருகே 'கணக்கிடப்பட்டது' என்று இருந்தால், அது மூலக்கூறு அமைப்பிலிருந்து மதிப்பிட்டது, அளந்தது அல்ல என்று பொருள். அதில் குற்றமில்லை, 300 டிகிரிக்கு மேல் உருகும் பொருளுக்கு வேதிப்பொருள்களைப் பதிவு செய்வதற்கான ஐரோப்பிய ரீச் சட்டமே அளவீடு தேவையில்லை என்கிறது. எளிதில் ஆவியாகும் கரைப்பானுக்கு மட்டும் அந்தச் சொல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். தின்னர், காலணிப் பசை போன்ற கலவைகளில் ஒற்றை எண்ணே ஏமாற்றும். புதிய டிரம்மில் எளிதில் ஆவியாகும் பகுதியே அழுத்தத்தை ஆளும். பாதி தீர்ந்த டிரம்மில் அது போய்விட்டிருக்கும்.

2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தை அடுத்த ஆர்.ஆர். வெங்கடாபுரத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் ஸ்டைரீன் தொட்டியிலிருந்து ஆவி வெளியேறி 12 பேர் உயிரிழந்தனர். ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழு விசாரித்த அந்த விபத்தை ஆவியழுத்தம் மட்டும் கொண்டு விளக்கிவிட இயலாது. ஊரடங்கில் நின்றிருந்த ஆலை, தொட்டிக்குள் சீராக இல்லாத குளிர்ச்சி, தடுப்பானின் குறைவு எல்லாம் சேர்ந்து, ஸ்டைரீன் தானாகப் பாலிமராகத் தொடங்கி, அந்த வினையின் வெப்பமே வினையை மேலும் முடுக்கியது. ஆனால் வினை உள்ளே நடந்தது. கொன்றது வெளியே வந்த ஆவி. இருபது டிகிரியில் முக்கால் கிலோபாஸ்கல்கூட இல்லாத ஒரு திரவம், சூடேறச் சூடேற எந்த அளவு ஆவியைத் தள்ளும் என்பதற்கு மேலே சொன்ன வளைவே விடை. 145 டிகிரியில் அதன் ஆவியழுத்தம் ஒரு முழு வளிமண்டல அழுத்தம். இருபது டிகிரியில் இருந்ததைப்போல் 150 மடங்குக்கு மேல். 20 டிகிரி எண்ணை மட்டும் வைத்து வெளியேற்றக் கணக்குப் போட்டவர் கற்பனை செய்யக்கூடிய அளவு அல்ல அது.

அத்தனை பெரிய விபத்துக்குப் போக வேண்டியதுகூட இல்லை. மருந்து மூலப்பொருள் ஆலைகளில் சாதாரணமாகப் புழங்கும் டைகுளோரோமீத்தேன் 39.6 டிகிரியில் கொதிக்கும். காலை 25 டிகிரியில் ஒரு டிரம் மூடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைவெளியில் 58 கிலோபாஸ்கல் அதன் ஆவி, மீதி 43 கிலோபாஸ்கல் காற்று. எல்லையைக் கடந்து வந்து, இறக்கும் வரிசையில் கூரையில்லாத இடத்தில் நின்று, டிரம் 45 டிகிரியை எட்டுகிறது. காற்று மட்டும் இருந்திருந்தால் அழுத்தம் 7 கிலோபாஸ்கல்தான் ஏறியிருக்கும். ஆவியோ 122 கிலோபாஸ்கலுக்குப் போய்விட, காற்றோடு சேர்ந்து உள்ளே 168. அதாவது வெளி அழுத்தத்தைவிட 67 கிலோபாஸ்கல் அதிகம், கேஜில் ஒரு பாரில் மூன்றில் இரண்டு பங்கு. திரவம் விரிந்து தலைவெளியைச் சுருக்குவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். டிரம்மின் மேல்தகடு உப்பி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

அத்தகைய டிரம்மைத் தொழிலாளி நேரே திறக்கக்கூடாது. நிழலுக்கு நகர்த்தி, தகடு தணியும் வரை காத்திருந்து, இரண்டு அங்குல மூடியைத் தொடாமல் முக்கால் அங்குலச் சிறு மூடியை முதலில் கால் திருப்பு தளர்த்தி, சீறல் அடங்கிய பிறகே மீதியைத் திறக்க வேண்டும். முகம் மூடிக்கு நேராக இருக்கக்கூடாது, பக்கத்தில் உறிஞ்சு குழாய் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இறக்கும் நேரத்தைக் காலை ஏழு மணிக்கு முன்னதாக வைத்துக்கொள்வது செலவில்லாத வழி. வாங்கும் பிரிவு செய்ய வேண்டியது, அடுத்த கொள்முதல் ஆணையிலேயே 20, 35, 50 டிகிரி மூன்றுக்கும் ஆவியழுத்தத்தையும், அது எந்த முறையில் அளக்கப்பட்டது என்பதையும், மாதிரியின் தூய்மையையும் எழுத்தில் கேட்டு வாங்குவது. விற்பவரிடம் 35 டிகிரிக்கு எண் இல்லை என்றால், அவரிடம் உள்ள இரண்டு வெப்பநிலைப் புள்ளிகளைக் கேட்டாலே போதும். கோடு வரைந்து கட்டத்தை நிரப்புவது ஆலையிலேயே செய்துவிடக்கூடிய கால்மணி நேர வேலை.